வருங்கால வாரியம் நோயை ஒழித்த வரலாறு

அந்த நாட்டில் நோய் ஒழிந்துவிட்டது. மருந்தால் ஒழியவில்லை, மருத்துவத்தால் ஒழியவில்லை. ஓர் ஆணையால் ஒழிந்தது. ஆணையைப் பிறப்பித்தது வருங்கால வாரியம். இன்று மருந்து இல்லாத நோய் எவருக்கு வந்திருக்கிறதோ, அவர் நோயாளி அல்லர், நாள் தவறிப் பிறந்தவர். மருந்து இருக்கும் நாளுக்கு அவரை அனுப்பிவைப்பதே அரசின் கடமை. ஆணையின் சாரம் இவ்வளவுதான்.

அனுப்பிவைப்பதற்கு நகருக்கு வெளியே ஒரு வளையம் இருந்தது. தரைக்கு மேலே பாதியும் தரைக்குள் பாதியுமாகப் புதைந்து கிடந்த பெருங்குழாய் அது. அதற்குள் பல தடங்கள். தடத்துக்கு ஒரு பெட்டி. பெட்டிக்குள் படுக்கைகள், போர்வைகள், குடிநீர்ப் புட்டிகள். பெட்டி ஒளியின் வேகத்தைத் தொட்டுவிடும் அளவுக்கு விரையும். அப்படி விரைகிற பொருளுக்குள் காலம் மெல்ல நடக்கும். உள்ளே ஒருவர் இரவு உணவை முடித்து, உறங்கி, விடிந்து எழுவதற்குள் வெளியே இருபது ஆண்டுகள் கழிந்திருக்கும். இயற்கையின் இந்த விதியைக் கண்டறிந்தவர்கள் அறிஞர்கள். அதற்கு அலுவலக நேரம் வகுத்தவர்கள் அதிகாரிகள்.

வாரியத்தின் வாசலில் ஒரு மின்பலகை. நாட்டில் எஞ்சியுள்ள நோயாளிகளின் எண்ணிக்கை அதில் ஒளிரும். ஒருவரை உள்ளே விட்டுப் பெட்டியின் கதவைச் சாத்தியதும் எண் ஒன்று குறையும். வாத்தியக் குழு முழங்கும். குழுமியோர் கை தட்டுவர். உள்ளே சென்றவர் கதவு சாத்திய அந்த நொடியிலேயே நலம் பெற்றவராகக் கருதப்படுவார் என்பது விதி. மருந்து வருங்காலத்தில் இருக்கிறது, அவரும் வருங்காலத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார். பிறகு அவரை நோயாளி என்று அழைப்பது வருங்காலத்தை அவமதிப்பதாகும் என்று வாரியம் விளக்கம் கொடுத்திருந்தது.

நகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு ஏழு வயதில் ஒரு மகள். வீட்டில் அவளை வாண்டு என்று அழைப்பார்கள். ஒரு நாள் அவள் காலிலிருந்து செருப்பு கழன்றது. மாட்டிவிட்டார்கள், மறுபடியும் கழன்றது. சில மாதங்களில் கையிலிருந்து கரண்டி நழுவியது. தசைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டு நின்றுகொண்டிருந்தன. கடைசியாக நிற்கப்போவது மூச்சுக்கான தசை என்று ஆய்வு மருத்துவமனையின் தலைமை மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். பிறகு, கவலைப்பட ஒன்றுமில்லை, இருபது ஆண்டுகளில் மருந்து வந்துவிடும் என்று சொல்லி, மணியை அடித்து அடுத்தவரை அழைத்தார்.

ஆகவே ஓட்டுநரும் அவர் மனைவியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாரியத்துக்கு வந்தார்கள். மூன்று பேருமே போய்விடுவது என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் அவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"குழந்தையோட யார் போறீங்க, யார் இருக்கீங்க?"

மூவரும் போகிறோம் என்றார் ஓட்டுநர்.

"மூணு பேரும் போயிட்டா, வந்து இறங்கறப்போ யார் கூட்டிட்டுப் போவாங்க? கேக்க ஆளில்லாதவங்களை வாரியம் இறக்கிவிடாது. ஒருத்தர் எதிரேற்பாளரா வெளியில இருக்கணும்."

"இருபது வருஷம் நிக்கணுமாங்க?"

"உக்காரலாம்," என்றாள் அவள்.

குழந்தைக்குத் தாய் வேண்டும் என்பதால் தாய் போவது என்றும், தந்தை இருப்பது என்றும் அந்த இடத்திலேயே தீர்மானமாயிற்று. ஒரு குடும்பத்தைப் பிளப்பதற்கு முன்னாளில் போர் தேவைப்பட்டது, பஞ்சம் தேவைப்பட்டது. வாரியத்துக்கு ஒரு கவுன்ட்டர் போதுமானதாக இருந்தது.

வழியனுப்பும் மேடையில் மனைவி கணவனின் சட்டைக் காலரைச் சரி செய்தாள். சரியாக இருந்ததைத்தான் சரி செய்தாள். "என்னங்க, எனக்கு ஒரு ராத்திரிதான். உங்களுக்குத்தான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

"எனக்கும் ஒரு ஷிப்ட்தான். கொஞ்சம் நீளமான ஷிப்ட்."

வாண்டுவுக்கு வேறு கவலை. "அப்பா, நாளைக்கு ஸ்கூல் உண்டா?"

"அங்க போய் கேட்டுக்கலாம், கண்ணு."

"இருபது வருஷ ஹோம்வொர்க்கையும் சேர்த்துக் கேப்பாங்களா?"

"கேட்டா அப்பாவை வந்து பார்க்கச் சொல்லு. நான்தான் இங்கயே இருக்கேனே."

அப்போது வாரியத் தலைவர் மேடையேறினார். தலைவர் எந்த நிகழ்ச்சிக்கும் தவறாமல் வருவார். வழியனுப்புவதில் அவருக்கு அப்படி ஓர் ஈடுபாடு. அவர் பேசினார்:

"பெருமக்களே, எனக்கு முன்பிருந்தவர்கள் நோயாளிக்கு மருந்து கொடுத்தார்கள். கொடுத்து என்ன கண்டார்கள்? அடுத்த வேளைக்கும் மருந்து கேட்டான். படுக்கை கொடுத்தார்கள், தலையணை கேட்டான். நாங்கள் நோயாளிக்கு நாளையையே கொடுக்கிறோம். நாளையைப் பெற்றுக்கொண்டவன் எவனாவது திரும்பி வந்து குறை சொன்னதுண்டா? இன்றுவரை ஒருவன் இல்லை. இதைவிடச் சிறந்த நிர்வாகத்துக்கு வேறென்ன சான்று வேண்டும்?"

கதவு சாத்தப்பட்டது. மின்பலகையில் ஓர் எண் குறைந்தது. வாத்தியங்கள் முழங்கின. ஓட்டுநரும் கை தட்டினார். அருகில் நின்றவர் அவர் முழங்கையை இடித்து நினைவூட்டிய பிறகு.

ஓராண்டு போயிற்று. மருந்து எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரிக்க ஒரு விடுமுறை நாளில் ஓட்டுநர் ஆய்வு மருத்துவமனைக்குச் சென்றார். கூடத்தில் நுண்ணோக்கிகள் துணி போர்த்தப்பட்டு வரிசையாக நின்றன. தலைமை மருத்துவர் ஒரு தோல்பெட்டியைத் திறந்துவைத்து, சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

வாண்டுவின் தகப்பன் என்று ஓட்டுநர் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். மருந்து மிக நல்ல நிலையில் இருக்கிறது, இன்னும் பத்தொன்பது ஆண்டுகளில் வந்துவிடும் என்றார் மருத்துவர். பிறகு எதற்குப் பெட்டி கட்டுகிறீர்கள் என்று ஓட்டுநர் கேட்டார்.

"நானும் அங்கதானே போறேன். பாருப்பா, இங்க உக்காந்து கண்ணு எரிய ஆராய்ச்சி பண்ணினா, மருந்து கைக்கு வர்றப்போ நான் கிழவன். இன்னைக்கு ராத்திரி பெட்டியில ஏறிட்டா, நாளைக்குக் காலையில, இதே வயசுல, கண்டுபிடிச்சு வெச்சதை எடுத்துக்கலாம். படிச்சவன் எதைச் செய்வான்?"

"அப்போ அதை யாருங்க கண்டுபிடிச்சு வெப்பாங்க?"

"வருங்கால மருத்துவர்கள்."

"அவங்க எங்கங்க இருக்காங்க?"

"பாதிப் பேர் போயாச்சு. மீதிப் பேர் இன்னைக்கு என்கூட வர்றாங்க."

 இருபது ஆண்டு என்பதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று ஓட்டுநர் கேட்டார். மருத்துவர் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். பயணம் போகிறவர்கள் உண்மை பேசுவதுண்டு.

"எல்லா நோய்க்கும் இருபதுன்னுதான் சொல்லுவோம். பத்துன்னு சொன்னா அப்பவும் நாங்க வேலையில இருப்போம், வந்து கேட்பீங்க. அம்பதுன்னு சொன்னா இப்பவே அழுவீங்க. இருபதுதான் ரெண்டு பக்கத்துக்கும் நல்லது."

ஓட்டுநர் அங்கிருந்து நேரே வாரியத் தலைவரிடம் போனார். தலைவரின் அறையில் நாற்காலிகள் எல்லாம் சன்னலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. சன்னலில் வளையம் தெரிந்தது. வைத்தியர்கள் எல்லாரும் உள்ளே போய்விட்டால் வெளியே வைத்தியம் கண்டுபிடிக்க யார் இருக்கிறார்கள் என்று ஓட்டுநர் முறையிட்டார். தலைவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, இத்தனை படித்தவர்கள் கிளம்பிப் போகிற ஊர் நல்ல ஊராகத்தானே இருக்கும் என்று திருப்பிக் கேட்டார். வருங்காலத்தின் மீது ஐயம் எழுப்புவது குற்றம் என்றும், ஆனால் ஐயம் எழுப்பியவர் ஓட்டுநர் என்பதால் அவருக்குத் தண்டனைக்குப் பதில் ஒரு வேலை தருவதாகவும் அறிவித்தார்.

வளையத்தை இயக்க ஆளில்லாமல் போயிருந்தது. இயக்குபவர்களின் பணிக்காலம் வெளியேயுள்ள கடிகாரப்படிக் கணக்கிடப்பட்டதால், அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே ஏறிப் படுத்துவிட்டார்கள். உறங்கி எழுந்தால் இருபது ஆண்டு சேவை. எழுந்ததும் பதவி உயர்வு.

"பஸ் ஓட்டுவே இல்ல? இது அதைவிட சுலபம்," என்றார் தலைவர். "ஒரே ஒரு திருப்பம்தான். அது முடியாது, அவ்வளவுதான்."

இவ்வாறு ஓட்டுநர் வளையத்தின் இயக்குநரானார். மேடையோரத்தில் தடத்துக்கு ஒரு கைப்பிடி; தள்ளினால் பெட்டி ஓடும், இழுத்தால் நிற்கும். மகள் இருந்த தடத்தின் கைப்பிடியைத் தொடாமல் மற்றவற்றைத் தள்ளும் வேலை அவருக்கு.

வேலைக்குக் குறைவில்லை. நோய் ஒழிந்த வெற்றியைக் கண்ட வாரியம் பசியை ஒழித்தது. பசித்தவர்கள் விளைச்சல் பெருகும் ஆண்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலையின்மையை ஒழித்தது, வேலையற்றோர் தொழிற்சாலைகள் கட்டப்பட்டிருக்கும் ஆண்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தொழிற்சாலைகளைக் கட்ட வேண்டிய பொறியாளர்கள், அவை கட்டி முடிந்ததும் திறந்துவைப்பதற்காக அதே ஆண்டுக்குச் சென்றார்கள். நீதிபதிகள் வழக்குகளை ஒத்திவைப்பதை விட்டுவிட்டு, வழக்காடுவோரை ஒத்திவைத்தார்கள். கடைசியில் மின்பலகை சுழியைக் காட்டியது. அன்றைக்கு வாத்தியக் குழுவும் உள்ளே போயிற்று.

இறுதியாக, மருத்துவர்களும் அதிகாரிகளும் ஏறியிருந்த பெட்டியைச் சற்று நிறுத்தச் சொல்லி, அதில் தலைவரே புறப்பட்டார். மேடைக்கு எதிரே எதிரேற்பாளர்கள் மட்டுமே நின்றார்கள். ரொட்டி சுடுபவர்கள், குழாய் பழுது பார்ப்பவர்கள், தெரு கூட்டுபவர்கள், பேருந்துக்காரர்கள். தலைவர் சொன்னார்:

"நாட்டை யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். வருங்காலத்திடம் ஒப்படைக்கிறேன். அங்கே சென்று நானே பெற்றுக்கொள்கிறேன். நிகழ்காலத்தில் உழன்றுகொண்டிருக்க எனக்கென்ன தலையெழுத்தா? அது உங்களைப் போன்ற உழைப்பாளிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. நான் வரும்போது எல்லாம் தயாராக இருக்கட்டும்."

என்னவெல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன் பிறகு நகரம் நன்றாகவே நடந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பேருந்துகள் நேரத்துக்கு வந்தன. குழாயில் தண்ணீர் வந்தது. ரொட்டி வெந்தது. எஞ்சியிருந்த செவிலியர் காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள், பிள்ளைப்பேறு பார்த்தார்கள். ஆனால் துணி போர்த்திய நுண்ணோக்கிகளுக்கு முன்னால் உட்கார ஆளில்லை. இதுவரை எவரும் அறியாத ஒன்றைத் தேடிப்பிடிக்கும் கல்வியை, கற்றவர்கள் தங்களோடு எடுத்துக்கொண்டு போய் அதன் மேல் படுத்துத் தூங்கினார்கள்.

ஓட்டுநர் ஒவ்வொரு நாளும் மகளின் கைப்பிடிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இழுத்தால் அவளைப் பார்க்கலாம். பார்த்தால் நோய் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். இழுக்காவிட்டால் அவள் பிழைத்திருப்பாள். ஆனால் அப்படிப் பிழைத்திருப்பவளுக்கு ஓர் இரவுக்கு மேல் வாழ்க்கை கிடையாது. தகப்பனின் கையை இப்படிக் கட்டிப்போட எந்தச் சிறையாலும் ஆகாது. அவருடைய தலை நரைத்தது. முன்பற்கள் இரண்டு போயின. வாரியம் குறித்துவைத்த வருகை நாள் வந்தபோது, தலைவரின் ஆணைப்படி, அதிகாரிகளின் கைப்பிடியையும் அடுத்து மகளின் கைப்பிடியையும் இழுத்தார்; மற்றவை தம் முறைக்குக் காத்திருந்தன.

முதலில் அதிகாரிகளின் பெட்டி திறந்தது. தலைவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு இறங்கினார். வாசலில் வளர்ந்திருந்த புதரைப் பார்த்தார். துருவேறிய மேடையைப் பார்த்தார். தூரத்தில் குறித்த நேரத்துக்கு வந்து நின்ற பேருந்தைப் பார்த்தார். "நாம் விட்டுச்சென்ற திட்டங்களின் பலன்," என்று உடன் வந்தவர்களிடம் காட்டினார். அவர்கள் தலையசைத்தார்கள். தலைமை மருத்துவர் பெட்டிக்குள் திரும்பி, மனைவியையும் மகனையும் உடை மாற்றிக்கொண்டு நிதானமாக வரும்படி சொல்லிவிட்டு, தாம் மட்டும் கீழே இறங்கி ஓட்டுநரிடம் வந்தார். மருந்து எங்கே வைத்திருக்கிறது என்று கேட்டார்.

இல்லை என்றார் ஓட்டுநர்.

"இல்லைன்னா? இன்னும் வரலையா, தீந்துபோச்சா?"

எவரும் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடிக்க எவரும் இல்லை என்று ஓட்டுநர் விளக்கினார். மருத்துவரின் முகம் சிவந்தது. இருபது ஆண்டுகளை இப்படிப் பாழாக்கிய தலைமுறையை எண்ணி வெட்கப்படுவதாகச் சொன்னார். தலைவர் அவர் தோளைத் தட்டி, வருங்காலம் பொய்க்காது, வருவதற்குச் சற்றுத் தாமதமாகிறது, இன்னுமோர் இரவு உறங்கினால் ஆயிற்று என்று ஆறுதல் கூறினார். உடன் வந்தவர்கள் அந்த யோசனையை ஒருமனதாக ஏற்று, பெட்டிக்குள் திரும்ப ஏறத் தொடங்கினார்கள்.

அதற்குள் அடுத்த தடத்தின் கதவு திறந்திருந்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இளம்பெண்ணாக ஓட்டுநரின் மனைவி வெளியே வந்தாள். எதிரேற்பாளர்களின் கூட்டத்தில் தன் கணவனைத் தேடினாள். அவரைத் தாண்டி இரண்டு முறை தேடினாள்.

"இங்க, இந்தா," என்றார் அவர்.

குரலைக் கேட்டு அவள் திரும்பினாள். முகத்தைப் பார்த்தாள். குழந்தையை இறக்கிவிடாமல் அப்படியே மேடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

வாண்டு அவரை மேலும் கீழும் அளந்தாள். "எங்க அப்பா குரலை நீங்க எதுக்குப் பேசறீங்க?"

"வேற குரல் எனக்கு இல்ல, கண்ணு."

அவள் கையை நீட்டி அவர் மீசையைத் தொடப் பார்த்தாள். கை பாதி வழியில் தளர்ந்து விழுந்தது. ஓட்டுநர் குனிந்து மீசையை அந்தக் கைக்குக் கொண்டுபோனார்.

தாய் தலைவரிடம் ஓடினாள். மருந்து இல்லையென்றால் குழந்தையையும் மறுபடி அனுப்பிவையுங்கள் என்று கெஞ்சினாள். தலைவர் பெட்டியின் படியில் நின்றபடி, சுழியைக் காட்டிக்கொண்டிருந்த மின்பலகையைச் சுட்டினார்.

"நோயாளிக்கு மட்டும்தான்மா இடம். உன் பொண்ணு குணமாகி இருபது வருஷம் ஆச்சு. குணமானவங்களை அனுப்பினா அது முறைகேடு. என் வாழ்நாள்ல நான் முறைகேடு செஞ்சதில்ல."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் போர்வையை இழுத்துக்கொண்டார். தலைமை மருத்துவர் படியில் கால் வைத்தார்.

"டாக்டர்," என்றார் ஓட்டுநர். "ஒரு தடவை குழந்தையைப் பார்த்துட்டு ஏறுங்க. எப்படி இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. பெட்டி எங்கயும் போயிடாது, கைப்பிடி என்கிட்ட இருக்கு."

மருத்துவர் சலித்துக்கொண்டு இறங்கினார். வாண்டுவின் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். இன்னும் இரண்டு மாதம் தாங்கும் என்று ஓட்டுநரிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது, அதிகாரிகளின் பெட்டி அங்கே இல்லை. ஓட்டுநரின் கை, தள்ளிய கைப்பிடியின் மேல் இருந்தது.

அந்த நாட்டு மக்களுக்கு வாரியத்தால் கிடைத்த முதல் நன்மை அதுவே. தலைவர் இல்லாத இன்னும் இருபது ஆண்டுகள்.

மருத்துவர் கத்தினார், கைப்பிடியை இழுக்கச் சொன்னார். ஓட்டுநர் காதில் வாங்கவில்லை. மனைவியையும் மகளையும் அவர்கள் வந்த பெட்டிக்கே அழைத்துச் சென்றார். நீங்களும் வாருங்கள் என்று அவள் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"நானும் வந்துட்டா இந்த ஆளை யாரு பார்த்துக்கறது?"

"இன்னும் இருபது வருஷமா?"

"உனக்கு ஒரு ராத்திரி. தூங்கு. குழந்தைக்குப் போர்வையைக் கழுத்து வரைக்கும் போத்திவிடு."

கதவைச் சாத்தினார். இரண்டாவது கைப்பிடியைத் தள்ளினார். வளையம் முனகியது, பிறகு அமைதியாயிற்று.

மருத்துவர் மேடையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கத்தி முடித்திருந்தார். "என் பொண்டாட்டி, பையன், எல்லாரும் அந்தப் பெட்டியில இருக்காங்கப்பா. அவனுக்கு ஒம்பது வயசு. அவன் வர்றப்போ நான் கிழவனா நிப்பேன். என்னை அடையாளமே தெரியாது."

"முதல்ல தெரியாது. அப்புறம் குரலை வெச்சுக் கண்டுபிடிச்சிடுவாங்க," என்றார் ஓட்டுநர். அவரைக் கையைப் பிடித்து எழுப்பி, ஆய்வு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.

கூடம் அடைத்துக் கிடந்தது. ஓட்டுநர் ஒரு நுண்ணோக்கியின் மேலிருந்த துணியை உருவினார்; தூசி எழுந்து இருவரும் இருமினார்கள். மருத்துவர் அந்தக் கருவியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். எந்தப் பக்கம் கண்ணை வைப்பது என்பதில் அவருக்குத் தடுமாற்றம் இருந்தது தெரிந்தது.

"உண்மையைச் சொல்லிடறேன்," என்றார். "நான் இதைத் தொட்டு ரொம்ப காலம் ஆச்சு. தலைமைப் பொறுப்புக்கு வந்ததுக்கு அப்புறம் வரவேற்புரை, நன்றியுரைன்னே போயிடுச்சு. உன் பொண்ணோட நோயைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது."

ஓட்டுநர் ஒரு நாற்காலியைத் துடைத்து, மேசைக்கு முன்னால் இழுத்துப் போட்டார்.

"படிங்க," என்றார். கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டு, அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.